முப்பத்தெட்டுக் கட்டு

"14.10.2008, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு. எக்ஸ்எல் பாலிபேக் கட்டு ஒன்றை எல் தட்டில் வைத்துவிட்டேன். பிறகு நானே பார்த்து மாற்றினேன். பேக்கிங்காரர்கள் எடுத்துப் போயிருந்தால் பனியன்கள் தப்பான கவரில் போயிருக்கும். இனி தட்டில் வைக்கும் முன் ஸ்டிக்கரை வாய்விட்டுப் படிக்க வேண்டும்."

ஆஷா எழுதியதைப் படித்துப் பார்த்தாள். 'யாரும் பார்க்கவில்லை' என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று தோன்றியது. அது தப்பிக்கிற மாதிரி இருந்ததால் விட்டுவிட்டாள். நல்லூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் மாலை வகுப்பு. ஸ்டோர்ஸ் நிர்வாகம், ஆறு மாதப் படிப்பு. ஆசிரியர் வருவதற்கு முன் கிடைக்கும் பத்து நிமிடத்தில் அன்றன்றைய தவறை எழுதிவிடுவது அவள் பழக்கம். தவறே இல்லாத நாளில் இன்னும் கொஞ்சம் பயந்துபோவாள். ஏதோ ஒன்று கண்ணில் படாமல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. சாத்தான்குளம் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். மண்ணரையில் லைன் வீடு. அம்மா ரோஸ்மேரி வேறொரு கம்பெனியில் செக்கிங். பிளஸ் டூ வரை கான்வென்ட் விடுதியில் வளர்ந்த ஆஷா, செங்கோட்டையன் முதலாளியின் பனியன் கம்பெனியில் ஸ்டோர் உதவியாளராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஸ்டோர் கீப்பர் முனீஸ். சங்கரன்கோவில்காரர். அவர் சாவி, அவள் கம்ப்யூட்டர். இருவருக்கும் அதுதான் பங்கீடு.

மறுநாள் புதன்கிழமை காலை மூன்றாவது தையல் லைன் சூப்பர்வைசர் வேலுமணி ஸ்டோர் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"கடைசி ரெண்டாயிரம் பீஸுங்க. லேபிள் குடுத்தீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள முடிச்சுத் தள்ளிருவோம்."

லேபிள் என்றால் கழுத்தில் தைக்கிற பிராண்டு லேபிள். கட்டைவிரல் அகலத் துணித்துண்டு. ஆனால் அந்த ஸ்டோரில் இரும்பு பீரோவில் பூட்டி வைத்த பொருள் அது ஒன்றுதான். நூல், ரிப் துணி, கவர், அட்டைப்பெட்டி எல்லாம் திறந்த தட்டில் கிடக்கும். லேபிள் மட்டும், ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் சொல்லும் ஹாங்காங் கம்பெனியிலிருந்து கூரியரில் வரும். அந்தத் துண்டு இல்லாத பனியன் உள்ளூர்ச் சந்தையில் ஐம்பது ரூபாய்க்குப் போகும், இருந்தால் இருநூறுக்கு. அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் பையர் கணக்குக் கேட்பார். ஒரு கட்டுக்கு நூறு. ஒரு தடவை லைனுக்குக் கொடுப்பது பத்துக் கட்டு. பீரோவை முனீஸ் திறந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். ஆஷா எடுத்து எண்ணுவாள், லைனிலிருந்து வந்தவர் சீட்டில் கையெழுத்துப் போடுவார். லேபிளை எண்ணும்போது சும்மா ஒண்ணு ரெண்டு என்று தொடங்கக் கூடாது, முதலில் லாபம் சொல்லிவிட்டு எண்ண வேண்டும் என்பது சேர்ந்த புதிதில் முனீஸ் போட்ட கட்டளை. ஆஷா ஒருநாளும் அதை மீறியதில்லை.

"ஸ்டாக் எவ்வளவுளா காட்டுது?" என்றார் முனீஸ், இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டே.

"நாலாயிரம், அண்ணாச்சி."

பீரோவுக்குள் அட்டைப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. காலிப் பெட்டியையும் பையர் ஆடிட்டுக்குக் காட்ட வேண்டும் என்பதால் எதையும் வெளியே போடுவதில்லை. ஆஷா முன்னாலிருந்த பெட்டியைத் திறந்தாள். இரண்டு கட்டு இருந்தது. அடுத்த பெட்டி காலி. அதற்கடுத்ததும் காலி. கடைசிப் பெட்டிவரை கையை விட்டுத் துழாவினாள்.

"எல்லாத்தையும் கீழ எறக்கு" என்றார் முனீஸ்.

இறக்கினார்கள். தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார்கள். இருநூறு லேபிள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வேலுமணி ஜன்னலிலிருந்து தலையை எடுத்துக்கொண்டான். அவன் போன வேகத்தில் விஷயம் தனக்கு முன்னால் முதலாளி அறைக்குப் போய்விடும் என்று முனீஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் பீரோ கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"கம்ப்யூட்டர்ல தப்பா அடிச்சிட்டியா?"

"பாத்துட்டு சொல்லுதேன், அண்ணாச்சி."

"நல்லாப் பாரு. தப்பா இருந்தா நல்லது."

தப்பாக இல்லை. வந்தது நாற்பத்திரண்டாயிரம். கொடுத்தது முப்பத்தெட்டு தடவை, தடவைக்கு ஆயிரம். முப்பத்தெட்டு சீட்டிலும் கையெழுத்து இருந்தது. மீதி நாலாயிரம் இருக்க வேண்டும். மூவாயிரத்து எண்ணூறு லேபிளைக் காணோம்.

முதலாளி அறையில் மெர்ச்சண்டைசர் பரணியும் இருந்தான். பையரோடு பேசுவது, ஷிப்மெண்ட் தேதி பார்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு. காதில் செல்போனை வைத்திருந்தான், யாரோடும் பேசவில்லை.

"புதுசா லேபிள் வரவைக்கப் பன்னெண்டு நாளாகுமுங்க" என்றான் பரணி. "கன்டெய்னர் வெள்ளிக்கிழமை கிளம்போணும். அதுகூடப் பரவால்ல, கேட்டுப் பாக்கலாம். பேப்பர்ஸோட லேபிள் கணக்குக் கேக்கறாங்க. இத்தன லேபிள் காணோம்னு எழுதுனா, வெளிய வித்துட்டோம்னுதான் நெனப்பாங்க. அடுத்த ஆர்டரும் போயிருமுங்க."

செங்கோட்டையன் நெற்றித் திருநீறு கலையாமல் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. அவர் குரல் இறங்க இறங்கத்தான் கம்பெனியில் எல்லோருக்கும் பயம் ஏறும்.

"முனீசு. சாவி உங்கிட்டத்தான இருக்குது?"

"ஆமா மொதலாளி."

"ஊட்டுக்குப் போறப்ப?"

"இடுப்புலதான் மொதலாளி."

"அப்ப நான் யாரப் போய்க் கேக்கறது? பீரோவக் கேக்கட்டுமா?"

முதலாளி ஆஷா பக்கம் திரும்பினார்.

"ஏங்கண்ணு, இவன் புதுசா டிவிஎஸ் வண்டி ஒண்ணுல வர்றானே. எப்ப வாங்குனான்?"

"ஆயுதபூஜைக்கு முந்தின வாரங்க" என்றாள் ஆஷா. கேட்டதற்குச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது. "அதுக்கு முன்னால பஸ்லதான் வருவாரு."

முனீஸ் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு தரையைப் பார்த்தார்.

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பாக்கறேன்" என்றார் முதலாளி. "லேபிள் வரோணும், இல்லாட்டிப் போன எடம் தெரியோணும். ரெண்டும் இல்லீன்னா ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துருவேன். தீவாளிக்கு ஊருக்குப் போறது போலீசு உடற தேதியப் பொறுத்து. பரணி, சாப்பாட்டு மணி முடிஞ்சதும் லைனு, கட்டிங்கு, பேக்கிங்கு, ஒரு டிராயர் பாக்கி இல்லாமத் தேடச் சொல்லு. கேட்டுல பையையும் பாக்கட்டும்."

ஸ்டோருக்குத் திரும்பும் வழியில் தையல் மெஷின்களுக்கு நடுவே நடக்க வேண்டியிருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "டிவிஎஸ்ஸு எதுல ஓடுதுன்னு இப்பத்தானடி தெரியுது, லேபிள்ல ஓடுதாமா" என்றது. நாலைந்து பேர் சிரித்தார்கள். முனீஸ் நடையை மாற்றவில்லை. ஸ்டோருக்குள் வராமல் வெளியே நூல் மூட்டைகளின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆஷா சீட்டுகளை மறுபடி அடுக்கினாள். லைன்வாரியாக, தேதிவாரியாக, கையெழுத்துவாரியாக. வகுப்பில் சொன்ன ஒவ்வொரு காரணத்தையும் போட்டுப் பார்த்தாள். வரும்போதே குறைவா? வந்த அன்று பரணியே எடைபோட்டுப் பார்த்துக் கையெழுத்திட்டிருந்தான். பதிவு விட்டுப்போனதா? சீட்டு எண் வரிசையாக இருந்தது. ஸ்டோரில் இருப்பதை அவ்வப்போது எடுத்து எண்ணிப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும் என்று ஆசிரியர் மூன்றாவது வாரமே சொல்லியிருந்தார். திறந்த தட்டுகளை அவள் எண்ணியிருந்தாள். பூட்டிய பீரோவை யார் எண்ணுவார்கள்? பூட்டியிருக்கிறதே என்று விட்டிருந்தாள்.

எல்லாக் கதவும் மூடியபின் மனம் வண்டியிடம் போய் நின்றது. சிவப்பு வண்டி. சீட்டில் பிளாஸ்டிக் கவர்கூட இன்னும் கிழிக்கவில்லை. ஸ்டோர் கீப்பர் சம்பளத்தில் அதை எப்படி வாங்கினார்? இப்படி நினைத்ததும் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

அப்போதுதான் பேக்கிங் பகுதியிலிருந்து மயிலாள் வந்தாள். முப்பது வயதிருக்கும், வாய் ஓயாதவள். கவர் வேண்டும் என்றாள். பேக்கிங்காரர்கள் பாலிபேக்கைத் தாங்களே தட்டிலிருந்து எண்ணி எடுத்துக்கொள்வார்கள். ஆஷா உள்ளே கம்ப்யூட்டரில் எண்ணிக்கையைப் போட்டுக்கொள்வாள்.

"பத்துக் கட்டு எடுத்துக்கறேன் கண்ணு. எழவு ஊடு மாதிரி இருக்குது கம்பெனி. நாமளாவது வேலையப் பாப்போம்." மயிலாள் கட்டுகளை ஒவ்வொன்றாக மேசைமேல் போட்டாள். "லாபம். ரெண்டு. மூணு. நாலு..."

"அக்கா, நில்லுங்க" என்றாள் ஆஷா. "ஒண்ணை விட்டுட்டீங்க."

மயிலாள் கையில் ஐந்தாவது கட்டு இருந்தது. "எங்க உட்டேன்?"

"லாபம் சொன்னீங்க. அடுத்து ஒண்ணுல்லா வரணும். நேரா ரெண்டுக்குப் போயிட்டீங்க."

மயிலாள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

"ஏங்கண்ணு, லாபம்ங்கறதே ஒண்ணுதான? ஒண்ணுன்னு சொல்றதுக்குப் பதுலா லாபம்னு சொல்றது. நெல்லு அளந்தாலும் தேங்கா எண்ணுனாலும் அப்புடித்தான். நீ அதச் சாமி கும்புடற கணக்குல சொல்லீட்டு அப்பறம் எண்ணுவியா? நல்ல கூத்து. நாளைக்கு உனக்கு மாப்புள்ள பாத்தா, மொத வாரவன லாபம்னு உட்டுட்டு, ரெண்டாவதா வாரவனத்தான் ஒண்ணுன்னு எண்ணுவியாட்ட இருக்குது."

ஆஷா சிரிக்கவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. லாபம். ஒண்ணு. ரெண்டு. பத்து வரை. பத்து என்று சொல்லும்போது மேசைமேல் பதினொரு கட்டு இருக்கும்.

விடுதியில் எல்லாமே ஒன், டூ, த்ரீதான். அரிசியை அளந்து வாங்கியதில்லை, பாக்கெட்டில்தான். லாபம் சொல்லிவிட்டு எண்ணு என்று முனீஸ் சொன்னார், அவள் சொல்லிவிட்டு எண்ணினாள். ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டு கூட. முப்பத்தெட்டுத் தடவை. முப்பத்தெட்டுக் கட்டு. மூவாயிரத்து எண்ணூறு.

காகிதமே தேவைப்படவில்லை. அவ்வளவு சுத்தமாக இருந்தது கணக்கு.

"என்ன கண்ணு, மூஞ்சி இப்புடி வெளுத்துப்போச்சு?"

"அக்கா, லேபிள யாரும் எடுக்கல. எல்லாம் லைன்லதான் இருக்கு. நாந்தான் கூடக் குடுத்திருக்கேன்."

மயிலாளின் சிரிப்பு நின்றது. வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"லைன்லயா? அப்ப அதுக்குத்தான் போறாளுகளா? தேடப் போறாங்கன்னு தெரிஞ்சதுலருந்து கக்கூஸுக்கு வரிசையா போய்ட்டு வாராளுக. நானு, காலைல சோத்துல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

ஆஷா ஓடினாள். பெண்கள் கழிப்பறையில் முதல் கதவு சாத்தியிருந்தது. இரண்டாவதில் தண்ணீர் சுழன்று அடங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் கருநீல லேபிள் ஒன்று, வெள்ளை எழுத்து மேலே தெரிய, மிதந்துகொண்டிருந்தது.

அவளுக்கு நேரம் இல்லை என்பது தெரிந்தது. ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பும் வழக்கம் அவளிடம் இல்லை. மூன்றாவது லைனுக்குப் போய் வேலுமணி முன்னால் நின்றாள்.

"அண்ணே, நான் லேபிள் குடுக்கும்போது பத்துக் கட்டு இருக்குமா, பதினொண்ணு இருக்குமா?"

வேலுமணியின் கை தன் மேசை டிராயரின்மேல் போய்ப் படிந்தது. "பத்துக்குத்தான கையெழுத்துப் போட்டிருக்கறனுங்க."

"கையெழுத்தக் கேக்கல. கட்டக் கேக்கேன்."

"எனக்கென்னுங்க தெரியும். நீங்க எண்ணித் தர்றீங்க, நான் வாங்கிட்டு வாரேன்." குரலில் கோபம் இருந்தது, கண்ணில் பயம். "இப்ப வந்து இதக் கேட்டீங்கன்னா என்ன அர்த்தம்? நான் எடுத்தேங்கறீங்களா?"

அவன் சொல்லமாட்டான். யாரும் சொல்லமாட்டார்கள். லேபிள் கோணலாகத் தைத்துவிட்டால் பிரித்து வேறு வைக்க வேண்டும். வேறு வேண்டும் என்று ஸ்டோருக்கு வந்தால் கேள்வி மேல் கேள்வி வரும். அதனால் கூட வந்த கட்டை வாயைத் திறக்காமல் டிராயருக்குள் தள்ளியிருப்பார்கள். ஸ்டோர்ப் பெண்ணுக்கு நல்ல மனசு என்றுகூட நினைத்திருக்கலாம். நேற்றுவரை அது கையிருப்பு. இன்று காலையிலிருந்து அது திருட்டு. தேடத் தொடங்கிய நிமிடத்தில் மிச்சமும் தண்ணீரில் போய்விடும்.

சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஆஷா முதலாளி அறைக் கதவைத் தட்டினாள். தட்டியபிறகுதான் முனீஸிடம் முதலில் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது.

"நான்தாங்க தப்பா எண்ணிட்டேன்" என்றாள்.

செங்கோட்டையன் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுப் பரணியைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே சீமையல்லோ" என்றார். "அவன் சொல்லிக் குடுத்து அனுப்புனானா?"

"இல்லீங்க. அவருக்கு இன்னும் தெரியாதுங்க."

"நாலு மாசமா கம்ப்யூட்டர் பாக்கற புள்ளைக்கு ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியலீன்னு சொல்றே. அத நான் பையருக்கு எழுதோணும்."

ஆஷா சுற்றிலும் பார்த்தாள். மூலையில் சாம்பிள் பனியன்கள் மடித்துக் குவித்திருந்தன. போய் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். எப்போதும் எண்ணுகிற அதே குரல், அதே வேகம். "லாபம். ஒண்ணு. ரெண்டு. மூணு." பத்து என்றதும் நிறுத்தினாள்.

பரணி எழுந்து வந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். "பதினொண்ணுங்க" என்றான்.

செங்கோட்டையன் மேசைமேல் இருந்த பனியன்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் அப்பா தறியிலிருந்து துணியை இறக்கும்போது லாபம் என்றுதான் தொடங்குவார். இவரும் அப்படியே எண்ணி வளர்ந்தவர்.

"உங்கூர்ல லாபத்தக் கணக்குல சேக்க மாட்டீங்களா?" என்றார் கடைசியில். சிரிப்பு இல்லை. "சரி, எல்லாம் லைன்லதான் இருக்குதுன்னா நல்லதாப் போச்சு. தேடி எடுத்துரலாம்."

"தேடக் கூடாதுங்க."

பரணி நிமிர்ந்து பார்த்தான்.

"கக்கூஸுல ஒண்ணு மிதக்குதுங்க, நான் பாத்தேன். தேட ஆரம்பிச்சா எல்லாமே அங்கதான் போகும். ஸ்டோர் வாசல்ல ஒரு பெட்டி வைக்கறோம்னு சொல்லுங்க. கூட இருக்கறத யாரு வேணும்னாலும் போட்டுட்டுப் போகட்டும். பேர் கேக்கமாட்டோம்னு சொல்லுங்க."

"திருடனுக்குப் பொட்டி வைக்கச் சொல்றியா என்னய?"

"யாரும் திருடலீங்க. நாந்தான் குடுத்தேன்."

மணி அடித்தது. வெளியே மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. முதலாளி விரல்களை மேசைமேல் தட்டிக்கொண்டிருந்தார். பரணி மெல்ல, "இன்னும் ஆயிரத்து எண்ணூறு கெடச்சாப் போதுமுங்க, கடைசி லாட்டு முடிஞ்சிரும்" என்றான்.

"நீயே மைக்குல சொல்லு" என்றார் செங்கோட்டையன் ஆஷாவிடம். "எல்லாருங் கேக்கச் சொல்லு, எப்புடித் தப்புப் பண்ணுனேன்னு. அஞ்சு மணிக்குப் பாப்பேன். அந்த எண்ணிக்கை வரலீன்னா, நீயும் அவனும் ஒண்ணாக் கெளம்பிருங்க."

மைக் டைம்கீப்பர் மேசையில் இருந்தது. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தவர்கள் திறந்தபடியே கேட்டார்கள். ஸ்டோர் ஆஷா பேசுகிறேன் என்று தொடங்கினாள். லாபம் சொன்னதையும், அதற்கப்புறம் ஒண்ணு சொன்னதையும், ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டு கூடப் போனதையும் சொன்னாள். சிரிப்புக் கூரைத் தகரம்வரை போய் வந்தது. யாரோ ஒருவன் வடநாட்டுப் பையன்களுக்கு இந்தியில் எடுத்துச் சொல்ல, அங்கிருந்து இன்னொரு சிரிப்புக் கிளம்பியது. "அக்கா, எனக்குச் சம்பளத்த நீங்க எண்ணிக் குடுங்க" என்று கட்டிங் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. காது சுடச் சுட அவள் பெட்டி விஷயத்தையும் சொல்லி முடித்தாள்.

பெட்டியை ஸ்டோர் வாசலில் வைத்தாள். யாரும் வரவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்தது. மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. பெட்டிக்குப் போக வேண்டுமானால் எல்லா லைனையும் கடந்து, டைம்கீப்பர் முன்னால், முதலாளி அறைக் கண்ணாடி முன்னால் நடந்து வர வேண்டும். பேர் கேட்கமாட்டோம் என்று சொன்னதை யார் நம்புவார்கள்? ஆஷா முதலில் அதை யோசித்திருக்கவில்லை. பெட்டியை வைத்த இடமே தப்பு. இப்போது மாற்றினால், யாரோ கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இன்னும் பயப்படுவார்கள்.

முனீஸ் நூல் மூட்டையிலிருந்து எழுந்து வந்து பெட்டியை எட்டிப் பார்த்தார். காலி.

"நீ சொன்னத மைக்குல கேட்டேன்" என்றார். "கரண்டு எத்தன மணிக்குளா போகும்?"

"மூணுக்கு, அண்ணாச்சி." தினமும் மூன்று மணிக்குக் கரண்டு போவது அந்த மாதம் முழுக்க வழக்கமாகியிருந்தது. போன கையோடு ஜெனரேட்டர் போட்டுவிடுவார்கள்.

முனீஸ் ஜெனரேட்டர் ஷெட் பக்கம் நடந்தார். அதைப் பார்த்துக்கொள்ளும் நல்லானோடு தினமும் டீ குடிப்பவர் அவர். என்ன பேசினார்கள் என்பது அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து, "டீசல் டேங்கக் கழுவுதானாம். நேரமாகும்" என்றார்.

மூன்று மணிக்கு விளக்கும் மெஷினும் ஒன்றாக நின்றன. லைன்களுக்கு நடுவில் ஜன்னலே கிடையாது. திடீரென்று வந்த இருட்டில் இருநூறு பேரின் பேச்சு மட்டும் எழுந்தது. முனீஸ் ஸ்டோர்க் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஆஷாவும் அப்படியே உட்கார்ந்தாள்.

முதலில் ஒரு கொலுசுச் சத்தம். பெட்டிக்குள் ஏதோ மெத்தென்று விழுந்தது. பிறகு செருப்பில்லாத கால்கள். பிறகு நடை நடையாக. சிலது மெத்தென்று விழுந்தது, சிலது 'டங்'கென்று. யாரோ நூல்கண்டைக் கைதவறிக் கீழே போட்டு, அது உருண்டு ஆஷாவின் காலில் வந்து முட்டியது. அவள் திரும்பவில்லை. வியர்வை கழுத்தில் இறங்கியது. முனீஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெனரேட்டர் உறுமி விளக்கு வந்தபோது பெட்டி நிரம்பிப் பக்கத்திலும் சரிந்து கிடந்தது.

செங்கோட்டையனும் பரணியும் வந்தார்கள். கொட்டினார்கள். லேபிள் கட்டுகள், உதிரி லேபிள்கள், தொட்டால் ஈரமாக ஒரு கட்டு. அதோடு கத்தரி இரண்டு, ஊசிப் பொட்டலம், பட்டன் பைகள், எப்போதோ அனுப்பி முடித்த ஆர்டரின் சைஸ் ஸ்டிக்கர் சுருள்கள், பிரிக்காத எலாஸ்டிக், வெள்ளை நூல்கண்டுகள். போன மாதம் எலாஸ்டிக் இல்லை என்று அவசரமாக ஈரோட்டிலிருந்து வாங்கி வரச் சொன்னதை ஆஷா நினைத்துக்கொண்டாள். பரணியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒரு ஸ்டோருன்னு நெனச்சேன்" என்றார் செங்கோட்டையன். "இங்க ஆளுக்கொரு ஸ்டோர் வெச்சிருக்காங்களாட்ட இருக்குது."

லேபிளை முனீஸ் எண்ணினார். ஆஷாவைப் பார்க்காமல், சத்தமாக. "லாபம். ரெண்டு. மூணு." உதிரியையும் நூறு நூறாகச் சேர்த்து முடித்தபோது ஆயிரத்து எழுநூற்று அறுபது. தேவைக்கு நாற்பது குறைவு.

முதலாளி கேட்ட எண்ணிக்கை அது இல்லை. செங்கோட்டையன் கடிகாரத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"நாப்பது பீஸ் கம்மியா அனுப்பிக்கலாமுங்க" என்றான் பரணி. "பையர் ஒத்துக்குவாங்க. காணாமப் போன ரெண்டாயிரத்துக்குத்தான் என்ன எழுதறதுன்னு தெரியலீங்க."

"நடந்தத எழுது. எண்ணுறதுல தப்புன்னு எழுது." முதலாளி முனீஸ் பக்கம் திரும்பினார். நேராகப் பார்க்கவில்லை. "வேலையப் பாரு, முனீசு." அது மன்னிப்பா, உத்தரவா என்று அங்கிருந்த யாருக்கும் புரிந்திருக்காது. வாசல்வரை போய் நின்றார். "கண்ணு, இனிமே நீ பீரோப் பக்கம் போகவேண்டாம். நாளைக்குக் கம்பெனி பூராவும் எண்ணோணும். டிராயரு, மேசைக்கு அடி, பரணு எல்லாம். எது எங்க எத்தன இருக்குதுன்னு எனக்குத் தெரியோணும். எழுதறது நீ. எண்ணறதுக்கு எண்ணத் தெரிஞ்ச ஆளாப் பாத்து வெச்சுக்க."

வேலுமணி பெட்டியிலிருந்து எடுத்த லேபிளோடு லைனுக்குப் போனான். ஆஷாவைக் கடக்கும்போது, "தப்பா நெனைக்காதீங்க" என்றான். எதைச் சொன்னான் என்பதை விளக்கவில்லை.

சாயங்காலம் முனீஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். ஆஷா காத்திருந்தாள்.

"அண்ணாச்சி, எண்ணுனதுல தப்பு..."

"எண்ணுனதுல யாருக்கும் தப்பு வரும்ளா. அதச் சொல்லாத. நானும் பாதியத்தான சொல்லிக் குடுத்திருக்கேன்." வண்டியை நிறுத்தினார். "ஆனா, வண்டி எப்ப வாங்குனான்னு கேட்டாவ, தேதியச் சொன்ன. சரி. பஸ்ல வருவாருன்னு எதுக்குச் சொன்ன? அத ஒங்கிட்ட யாரு கேட்டா?"

ஆஷா வண்டி சீட்டின் பிளாஸ்டிக் கவரைப் பார்த்தாள்.

"எங்க அத்தான் வளைகுடாவுல இருந்து அனுப்புன பணத்துல வாங்குனது. அத ஒங்கிட்ட சொல்லணும்னு எனக்கு அவசியமில்ல, இருந்தாலும் சொல்லுதேன்." காலால் மிதித்து வண்டியைக் கிளப்பினார். வழக்கமாக நல்லூர் முக்குவரை ஏறிக்கோ என்பார். அன்று சொல்லவில்லை.

ஆஷா பஸ்ஸில் போனாள். வகுப்பு தொடங்கிவிட்டிருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாட்குறிப்பைத் திறந்தாள்.

"15.10.2008, புதன். லேபிள் எண்ணியதில் தவறு என்னுடையது. லாபம் என்றால் ஒன்று." இதை எழுத அதிக நேரம் ஆகவில்லை. அடுத்த வரிதான் வரவில்லை. வண்டியைப் பற்றி அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தேதி சரி, பஸ் சரி. தவறு என்று எழுதினால் எதைத் திருத்த வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். அது அவளுக்குத் தெரியவில்லை. கரும்பலகையில் ஆசிரியர் எதையோ எழுதி அழித்துக்கொண்டிருந்தார். "கேட்காததைச் சொன்னேன்" என்று மட்டும் எழுதினாள்.

அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டாள்.

"நாளை: எட்டரை மணிக்கு மூன்றாவது லைன் டிராயர்களில் தொடங்க வேண்டும். பிறகு மற்ற மூன்று லைன், கட்டிங் மேசைக்கு அடியில், பேக்கிங் பரண். மயிலாள் அக்கா எண்ணுவார். நான் எழுத வேண்டும்."